பேய்க்கு எத்தனை கிலோ?

பேய்க்கு எடை உண்டு என்று உலகத்துக்கு முதன்முதலில் நிரூபித்த பெருமை தராசு ஐயாவுக்கே சேரும்.

பழைய டயர் கிடங்கு. நடுவில் ஒரு மேடை, அதன்மேல் ஓர் எலக்ட்ரானிக் தராசு. சுவரில் பெரிய பெரிய சிவப்பு எண்கள். பேய் பிடித்தவர் தராசில் ஏறுவார். ஐயா மணியை ஆட்டி, கண்ணை உருட்டி, "இறங்கு!" என்று ஓர் அதட்டல் போடுவார். எண் சரசரவென்று குறையும். குறைந்ததெல்லாம் பேய். கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம். காய்கறிக் கடை மாதிரிதான். பேரம் மட்டும் கிடையாது.

வரிசை தெருமுனையைத் தாண்டி வளைந்து நின்றது. பேச்செல்லாம் எடைப் பேச்சு.

"எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டே முக்கால் கிலோ இறங்குச்சுக்கா."

"அவ்வளவுதானா? எங்க மாமியாருக்கு நாலு! அதுவே பாதிதானாம். மீதி எனக்குத் தெரியாதா?"

போன வாரம் ஒரு வங்கி ஊழியருக்கு வெறும் நூறு கிராம் பேய்தான் இறங்கியது. அவமானம் தாங்காமல் மனிதர் வேறு கிளைக்கு மாற்றல் கேட்டுவிட்டதாகக் கேள்வி.

இந்த வரிசையில்தான் ஸ்கூட்டர் மெக்கானிக் தன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தையல் கம்பெனியில் வேலை பார்த்தவள். குழந்தை பிறந்ததிலிருந்து தூக்கம் இல்லை, பேச்சு இல்லை. பெற்ற பிள்ளை அழுதால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் மட்டும் வாயைத் திறந்தாள். "நான் இல்லாம போயிட்டா எல்லாருக்கும் நிம்மதிண்ணே." அன்றோடு மெக்கானிக்கின் தூக்கமும் போயிற்று.

அவன் ஒன்றும் மூடன் இல்லை. மந்திரம், மாயம் என்று வந்தால் ஸ்பானரைத் தூக்குவான். ஆனால் மீட்டர் என்றால் அவனுக்கு வேதவாக்கு. "கண்ணு முன்னால நம்பர் குறையுது. மிஷின் எதுக்குப் பொய் சொல்லணும்?" இதுதான் அவன் கட்சி. நியாயம். மிஷினுக்குப் பொய் சொல்லி ஆவதென்ன? மிஷின் வைத்திருப்பவனுக்கு ஆவது நிறைய உண்டு என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

முதல் தடவை ஒன்றரைக் கிலோ இறங்கியது. அடுத்த தடவை பார்த்தால் பேய் மறுபடி ஊறியிருந்தது!

"மாத்திரை ஏதாவது தர்றீங்களா?" என்று கேட்டார் ஐயா. "அதான் பேய்க்குத் தீனி. நிறுத்துங்க."

மெக்கானிக் மாத்திரைகளைப் பிடுங்கி ஸ்பானர் பெட்டியில் போட்டுப் பூட்டினான்.

மாத்திரை தந்தது தெருக்கோடிச் சின்ன ஆஸ்பத்திரி. முன்பெல்லாம் மனசுக்கு வைத்தியம் என்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கேயும் பின்பக்கம், பிணவறையை ஒட்டிய கட்டடம். எவன் போவான்? பேயே தேவலை என்று இருந்துவிட்டார்கள். அரசாங்கத்துக்கே ஒரு நாள் அதிசயமாகப் புத்தி வந்தது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பார்க்கிற அதே அறையிலேயே மனசுக்கும் பார்க்கலாம் என்று உத்தரவு போட்டார்கள். ஒரே வரிசை. யாருக்கு எதற்கு மாத்திரை என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. வராமல் நின்றவர்களை நர்ஸ் தேடிப் போக வேண்டும் என்பதும் அதே உத்தரவு.

அப்படித் தேடிக்கொண்டுதான் நர்ஸ் டயர் கிடங்கு வரிசைக்கு வந்து சேர்ந்தார். தோளில் பிரஷர் பார்க்கும் கருவிப் பை.

"ஏம்ப்பா மெக்கானிக்கு, தங்கச்சிய ஏன் கூட்டிட்டு வரல?"

"மாத்திரையில பேய் கொழுக்குதாம் சிஸ்டர்."

"ஓஹோ! பங்களாக்காரங்களுக்கு வந்தா டிப்ரஷன். டாக்டர் கார்ல வந்து பாப்பாரு. உன் தங்கச்சிக்கு வந்தா மட்டும் பேயா? பேயும் வாடகை வீடாப் பாத்துதான் நுழையுமோ?"

"நம்பர் குறையுதே சிஸ்டர்!"

"சரி வா. நானும் அந்த அதிசயத்தப் பாக்கறேன்."

உள்ளே எல்லாரும் எண்ணைப் பார்த்தார்கள். நர்ஸ் ஆட்களைப் பார்த்தார். ஐயா மணியை ஆட்டும்போதெல்லாம் ஓரமாக நின்ற சீடரின் வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போயிற்று. சீடர் என்பது மேடைக்கு. வீட்டில் அவர் ஐயாவுடைய மனைவியின் தம்பி.

தங்கையின் முறை வந்தது. நர்ஸும் கூடவே மேடை ஏறினார்.

"ஐயா, கூட்டம் ஜாஸ்தி. யாராவது மயங்கி விழுந்தா உங்களுக்குத்தானே கெட்ட பேரு? நான் ஒரு ஓரமா பிரஷர் பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஐயாவுக்கு உச்சி குளிர்ந்தது. கூட்டத்தைப் பார்த்துக் கை விரித்தார். "பாத்தீங்களா! டாக்டர் படிப்பே நம்மளத் தேடி வந்திருக்கு. இனிமே இங்க ஒருங்கிணைந்த சிகிச்சை!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"முதல்ல உங்க மச்சானுக்கே பாத்துடறேன். முகம் வெளிறிக் கெடக்கு" என்ற நர்ஸ், சீடரை உட்கார வைத்து வலது கையில் பட்டையைச் சுற்றிவிட்டார். "விரலக்கூட அசைக்காதீங்க. அளவு தப்பா வரும்."

ஐயா மணியை ஆட்டினார். "இறங்கு!"

எண் அசையவில்லை.

"இறங்குங்கறேன்!"

தங்கை அப்படியே நின்றாள். எண்ணும் நின்றது.

"பிடிவாதம் பிடிச்ச பேய்டா!" என்றது கூட்டம், பயபக்தியோடு.

ஐயா மணியோடு சேர்ந்து தானும் ஆடினார். வியர்த்தார். கடைசியில் பேயை விட்டுவிட்டு மச்சானை அதட்டினார். "யோவ், இன்னுமா முடியல?"

"காத்து இறங்கணும்ல?" என்றார் நர்ஸ், நிதானமாகப் பம்பை அமுக்கியபடி.

சீடர் இடது கையை வயிற்றைச் சுற்றி வலது பாக்கெட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். தொப்பை குறுக்கே நின்றது. எட்டிய விரல் தட்டிவிட, கார் சாவி மாதிரி ஒரு சின்ன ரிமோட் தரையில் விழுந்து மெக்கானிக்கின் காலடியில் நின்றது.

மெக்கானிக் எடுத்தான். அமுக்கினான். பிடித்த நேரத்துக்கு ஏற்ப எண் இறங்கி, இரண்டு கிலோ போயிற்று. மறுபடி அமுக்கினான். இன்னும் இரண்டு. விடாமல் அமுக்கினான். தங்கை முழுசாக மேடையிலேயே நிற்க, எண்கணக்கில் அவள் கைக்குழந்தையாகி, அடுத்த அமுக்கில் இல்லாமலே போனாள்.

பூஜ்யம்.

'நான் இல்லாம போயிட்டா' என்று தங்கை அன்று சொன்னது மெக்கானிக்கின் ஞாபகத்துக்கு வந்தது. ரிமோட்டைக் கீழே போட்டான்.

"ரிமோட்டுக்குள்ள பேய் பூந்திருச்சு!" என்று கத்தினார் ஐயா.

"அப்ப ரிமோட்டத் தூக்கித் தராசுல வைய்யா!" என்றது ஒரு குரல். வங்கி ஊழியர்! மாற்றல் இன்னும் வரவில்லை போலும்.

கூட்டம் சிரித்தது. பிறகு முறைத்தது. ஐயாவின் எடை எவ்வளவோ தெரியாது. பின்வாசலில் ஓடிய வேகத்துக்கு ஒரு கிராம்கூட இருந்திருக்காது.

தங்கை மேடையிலிருந்து இறங்கினாள். "அண்ணே, எனக்குப் பேயெல்லாம் இல்ல. தூக்கம்தான் இல்ல. என் மாத்திரை எங்க?"

மெக்கானிக் கழுத்துக் கயிற்றிலிருந்த பெட்டிச் சாவியைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தான்.

சீடர் இன்னும் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். "சிஸ்டர், பொத்தான அமுக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடங்குது. ராத்திரி தூக்கமே கெடையாது."

"பிரஷர் எகிறிக் கெடக்கு. நாளைக்கு வாங்க. ரெண்டுக்கும் ஒரே அறைதான்."

கலைந்த கூட்டத்தில் ஓர் அம்மா மட்டும் நர்ஸின் காதைக் கடித்தார். "அந்த ரிமோட்ட எனக்குத் தருவாங்களா? ஒரு பத்து கிலோ குறைக்கணும்."

மனசுக்கு வரும் நோய்க்கு மாத்திரை தெருக்கோடிக்கே வந்துவிட்டது. மூளையை மட்டும் அவரவரே எடுத்து உபயோகித்துக்கொள்ள வேண்டியதுதான்! அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து தருவதில்லை.