லிஃப்ட் வாசலில் விட்ட செருப்பு

எனக்கு எழுத அவ்வளவாக வராது. நாலாவதோடு நின்ற படிப்பு. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், நடந்தது நடுநடுவே மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சூர் வீட்டுக்குள் வெள்ளம் வந்து போன பிறகு, பீர்க்கன்கரணை ஏரி தெரிகிற அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு ஆறாவது மாடியில் வீடு கிடைத்தது. எங்களைப் போன்றவர்களுக்கென்றே கட்டியது. கீழே ஓர் உதவி மையம் உண்டு. சர்க்கரை பார்ப்பார்கள், பென்ஷனுக்கு எழுதித் தருவார்கள், தனியாக இருக்கிற கிழவிகளிடம் "சாப்டீங்களா?" என்று கேட்பார்கள். (நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவு கூச்சம். சாப்பிடாவிட்டாலும் அதே ஆட்டல்தான்.)

என் மகன் முருகேசன் சிறுசேரியில் கம்பெனி வேன் ஓட்டுகிறான். என்னைத் தன்னோடு கூட்டிப்போகத் துடித்தான். எனக்கோ ஏரியை விட்டுப் போக மனசில்லை. காலையில் பனி அதன்மேல் படுத்திருக்கும்போது தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. பார்த்துக்கொண்டே நிற்பேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும்.

"முட்டி வலிய வெச்சுகினு ஆறு மாடி எப்டிம்மா ஏறுவ? லிஃப்டுல தனியா போய்வரக் கத்துக்கோ, இங்கயே இரு. இல்லன்னா இந்த மாசமே என்கூட வந்துடணும்" என்றான்.

மையத்து சாந்தி மேடம்தான் லிஃப்ட் சொல்லிக்கொடுத்தார். மைய வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினேன். "அவ்ளோதான் ஆன்ட்டி, நாளைக்கு நீங்களே போங்க" என்றார்.

மறுநாள் தனியாகப் போனேன். கதவு திறந்தது. பளபளவென்று தரை. எதிரே யாரோ ஒட்டிய பிள்ளையார் படம். செருப்புக்காலோடு நுழைய மனசு வருமா? வாசலில் ஜோடியாக விட்டுவிட்டு ஏறினேன். தூக்கத்துக்குள் யாரோ மெல்லத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. ஆறில் இறங்கத் தோன்றவில்லை. கடைசி மாடிவரை போய், மொட்டை மாடி ஏறினேன்.

ஏரி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. ஒரு விமானம் சத்தமே இல்லாமல் மேகத்துக்குள் போனது, அதோடு நானும் போய்விட்டேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.

திரும்பி வந்தால் கரண்ட் இல்லை. படியில் உட்கார்ந்து உட்கார்ந்து கீழே வந்து சேர்ந்தேன். லிஃப்ட் முன்னால் பெருங்கூட்டம்.

"அய்யோ, அக்கா உள்ள மாட்டிகினு கீதே! சத்தமே காணோமே, மயக்கம் போட்டுச்சோ இன்னாவோ!" என்று பக்கத்து வீட்டு பிரேமா மாரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

யாரோ பாவம் என்று நானும் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். (யார் என்று கேட்கக் கூச்சம்.) அப்போதுதான் கதவு இடுக்கில் வாயை வைத்துக் கத்துகிற முதுகு முருகேசனுடையது என்று தெரிந்தது. தாம்பரத்தில் ஆள் இறக்க வந்தவனுக்கு போன் போட்டு வரவழைத்திருக்கிறார்கள்.

"யம்மா! பயப்படாதம்மா! இனிமே உன்ன வா வான்னு கூப்ட மாட்டேன். உன் ஏரியப் பாத்துகினு இங்கயே இரு. வெளிய மட்டும் வந்துடும்மா!"

கூட்டத்தில் வாயே திறக்காதவள் நான். அன்று தானாகத் திறந்தது.

"நெசமாத்தான் சொல்றியாப்பா?"

பிரேமா திரும்பிப் பார்த்து வீல் என்றாள். முருகேசன் என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான்.

"இத ஏன்மா இங்க வுட்ட?"

"உள்ள புள்ளையார் கீறாருப்பா."

சாந்தி மேடம் தலையில் கை வைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் சிரித்த சிரிப்பு பெருங்களத்தூர் ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும்.

"நான் லிஃப்டாண்டதான் சொன்னேன், உன்னாண்ட சொல்லல" என்று அழுத கண்ணோடு மல்லுக்கு நின்றான் மகன்.

"இன்னா நைனா, இத்தினி பேரு கேட்டுகினுதான இருந்தோம்? சொன்னது சொன்னதுதான். நாங்க பாத்துக்க மாட்டமா?" என்றாள் பிரேமா. அவன் சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தான். அப்புறம் குனிந்து செருப்பை எடுத்து என் காலடியில் வைத்தான்.

நான் இங்கேயேதான் இருக்கிறேன். இப்போதும் முருகேசன் எதற்காவது சரி என்று தலையாட்டினால், "போய் லிஃப்டாண்ட சொல்லு, அப்பதான் நம்புவேன்" என்பாள் என் மருமகள்.

கரண்ட் போனது காலையா மத்தியானமா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. எங்கள் பிளாக்கில் இதைப் படிக்கிறவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். முருகேசன் சொன்ன வார்த்தையை மட்டும் தொடவேண்டாம், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.