அம்மா சமன் மீன் சாப்பிட்ட கதை

செத்துப்போனவர்கள் காகமாய் வந்து சோறு சாப்பிடுவார்கள் என்பதில் எங்கள் ஆட்களுக்குச் சந்தேகமே கிடையாது. எனக்கும் இருக்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சந்தேகப்படுவதெல்லாம் அதற்கு மேலே படித்தவர்களின் வேலை என்று நினைத்திருந்தேன். ஆனால் காகம் வராமல் வேறு யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அப்போது கனடாவில், மொன்ட்ரியால்-நோரில், ஆற்றங்கரையோரம், அரசாங்கத்தின் முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு வேலை. இல்லத்தில் இரண்டு பகுதி. ஒன்றில் படுக்கையோடும் சக்கர நாற்காலியோடும் இருப்பவர்கள். மற்றதில் சின்னச் சின்ன அப்பார்ட்மென்ட்கள். தங்கள் கதவைத் தாங்களே பூட்டித் திறக்கிற, ஆனால் காலையும் மாலையும் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டிய ஆட்கள் அங்கே இருந்தார்கள். மத்தியானம் எல்லாருக்கும் ஒரே மண்டபத்தில் சாப்பாடு. அந்த மண்டபத்தில் தட்டு வைப்பவனும் எடுப்பவனும், கை நடுங்குபவர்களுக்குச் சூப் ஊட்டுபவனும் நான். கூப்பிட்டால் போகிற வேலை. (கூப்பிடாத நாளில் ரெலிபோனையே பார்த்துக்கொண்டு இருக்கிற வேலை.)

அம்மா ஊரில் இறந்துபோனார். செய்தி கொழும்புக்கு வந்து, கொழும்பிலிருந்து எனக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அழுவதற்குக்கூட நேரம் பிந்திவிட்டது போல எனக்குத் தோன்றியது. அங்கே அப்பா தனி. அவரை இங்கே எடுப்பிக்க வேண்டுமென்றால் எனக்கு நிரந்தர வேலை வேண்டும். என் தலைக்குள் அந்த நாட்களில் இருந்தது அது ஒன்றுதான்.

இல்லத்தை நடத்தியவர் மதாம் லீஸ். சிரிக்காத நல்ல மனிசி. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"வாற வியாழக்கிழமை அரசாங்கத்தில இருந்து ஆக்கள் வருகினம். அப்பார்ட்மென்ட் பக்கத்தைப் பெரிசாக்கக் காசு குடுக்கலாமோ எண்டு பாக்க. இஞ்சதான் சாப்பிடுவினம். அண்டைக்கு மண்டபம் உன்ர பொறுப்பு. ஒண்டும் நடக்கக்கூடாது. நடக்கேல்லை எண்டால் நிரந்தர வேலைக்கு உன்ர பேரைப் போடுவன்." (பிரெஞ்சில்தான் சொன்னார். எனக்கு எந்தப் பாஷையும் கடைசியில் இப்படித்தான் கேட்கும்.)

அந்த வியாழக்கிழமைதான் அம்மாவின் முப்பத்தோராம் நாள், காகத்துக்குச் சோறு வைக்கவேண்டிய நாள்.

பார்க்-எக்ஸ் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தவம் அண்ணைக்கு இந்த விசயங்களில் ஐயரை விடக் கூடத் தெரியும் என்பது தவம் அண்ணையின் அபிப்பிராயம்.

"நீ ஒரே பெடியன். காகத்துக்கு வைக்காமல் வாயில பச்சைத் தண்ணியும் படக்கூடாது."

"வேலை அண்ணை. லீவு கேக்கேலாது."

"வேலை இடத்தில காகம் இல்லையோ?"

"ஆத்தங்கரையில நிக்கிறதுகள்."

"பேந்தென்ன? ஊர்க் காகமோ கனடாக் காகமோ, கூப்பிட்டால் வரும்."

விடியவே எழும்பி அவரே சமைத்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, வடை. எல்லாவற்றையும் ஒரு பழைய ஐஸ்கிரீம் வாளிக்குள் போட்டு மூடித் தந்தார். சுத்த சைவம். அம்மாவுக்கு வேறு எதையும் வைக்க முடியாது. எங்கள் வீட்டு வாசலை மீன் தாண்டியதில்லை. அப்பாவுக்கு ஆசை வந்தால் சந்தையடிச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்த் தின்றுவிட்டு, வாய் கொப்பளித்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டு வருவார். அம்மா படலையிலேயே மோப்பம் பிடித்து, "கிணத்தடிக்குப் போங்கோ," என்பார். அப்பா போவார்.

அன்று மண்டபத்தை நான் சோடித்த சோடிப்பு! வெள்ளைத் துணி விரித்து விருந்தாளிகளின் மேசையைத் தயார் பண்ணினேன். ஆறு தெரியட்டும் என்று நானே அதை யன்னலடிக்கு இழுத்து வைத்தேன். (கெட்டிக்காரன்.) சமையல்காரர் சால்மன் என்கிற சமன் மீன் ஒன்றை முழுதாய் அவித்து, வெள்ளரிக்காயை மெல்லிசாய்ச் சீவிச் செதில் மாதிரி ஒட்டி, அந்த மேசையின் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பார்த்துக்கொள்," என்று சொல்லிப் போனார்.

இல்லத்து முதியவர்கள் வந்து உட்கார்ந்து சூப் குடிக்கத் தொடங்கினார்கள். விருந்தாளிகள் மாடியில் கட்டிடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுதான் நேரம் என்று யன்னலைத் திறந்தேன். வெளி விளிம்பில் வாளி மூடியை வைத்து, சோற்றைப் போட்டு, மேலே வடையை வைத்தேன். எதிரே விளக்குக் கம்பத்தில் ஒரு காகம் இருந்தது. நல்ல கறுப்பு, கொழுத்த காகம்.

"கா... கா," என்றேன், யாருக்கும் கேட்காதபடி.

காகம் என்னைப் பார்த்தது. பிறகு மற்றப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

"என்ன செய்யிறாய்?"

முசியே அர்மான். அப்பார்ட்மென்ட் பக்கத்து ஆள். ஒரு காலத்தில் நகர பஸ் ஓட்டியவர். சூப் சூடில்லை, லிஃப்ட் மெதுவு, பக்கத்து வீட்டுக்காரி ரேடியோ போடுகிறாள் என்று நாள் முழுக்க முறைப்பாடு. அவரைப் பார்க்க அனுப்பிய வேலையாட்கள் எல்லாரும் ஓடிப்போனார்கள்.

"அம்மாவைக் கூப்பிடுறன்."

"கொம்மா செத்துப்போனா எண்டாய்."

"ஓம். அதுதான் கூப்பிடுறன். பறவையாய் வந்து சாப்பிடுவா."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இப்பிடிக் கூப்பிட்டா ஆருக்குக் கேக்கும்?" என்றவர், பஸ்ஸின் பின்சீற்றுக்குக் கேட்கிற குரலில், "கா... கா..." என்றார்.

பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. அவர் விளக்கம் சொன்னார். பக்கத்து மேசையும் கூப்பிட்டது. அதற்கடுத்த மேசையும். கரண்டி தூக்க முடியாதவர்களும் கூப்பிட்டார்கள். காது கேட்காதவர்கள் எதற்கென்று தெரியாமல் கூப்பிட்டார்கள். நான் நிற்பாட்டியிருக்க வேண்டும். ஆனால் மரியாதைக்குரிய இத்தனை வயதான ஆட்கள் சேர்ந்து கூப்பிட்டால் அம்மா மறுக்கமாட்டார் என்று எனக்குப் பட்டது. அகப்பையைப் பிடித்தபடி நானும் சேர்ந்து கத்தினேன்.

காகம் எழும்பிப் பறந்து, அக்கரைக்குப் போய்விட்டது.

வந்தவை கடற்பறவைகள். வெள்ளை உடம்பு, சாம்பல் சிறகு, மஞ்சள் சொண்டு. பின்னேரங்களில் சாப்பாட்டுக் கடை வாசல்களில் பொரித்த உருளைக்கிழங்குக்குச் சண்டை பிடிக்கிற அதே கூட்டம். முதலாவது விளிம்பில் வந்து இறங்கியது. சோற்றைப் பார்த்தது. வடையைப் பார்த்தது. இரண்டையும் கடந்து உள்ளே நடந்து, வெள்ளைத் துணியில் ஏறி, சமன் மீனின் வயிற்றில் சொண்டை விட்டது. பின்னால் வந்தவை சோற்றில் விழுந்து இடிபட்டன. ஒன்று சூப் சட்டிக்கு மேலால் ஒரு வட்டம் பறந்தது. மண்டபம் கைதட்டியது.

நான் மூலையில் இருந்த, கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து ஓங்கினேன்.

"ஏய்," என்றார் முசியே அர்மான். "பெத்த தாயைத் தும்புத்தடியால அடிப்பியோ?"

அது அம்மா இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். மீனைக் கண்டால் மூக்கைப் பொத்துகிற மனிசி அவர். ஆனாலும் கை இறங்கவில்லை. தடியை வைத்துவிட்டு, மேசைக்குக் கிட்டப் போய், தமிழில் சொன்னேன்: "அம்மா, காணும். வெளியில போங்கோ. என்ர வேலை போயிடும்."

அது தலையைச் சரித்து என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கியது. செய்தி வந்த நாளில் இருந்து நான் அம்மாவோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. மனதுக்குள்கூட. கடைசியில் கதைத்தபோது சொன்னது வெளியில போங்கோ என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. கதவு திறந்ததும் அப்போதுதான்.

மதாம் லீஸ் வாசலில் நின்றார். பின்னால் தொப்பி வைத்த ஒரு பெரிய அதிகாரியும், கழுத்தில் பட்டுத்துணி கட்டிய ஒரு பெண்ணும். உள்ளே முதியவர்கள் காகம் போல் கத்திக்கொண்டிருக்கிறார்கள். பறவைகள் பறக்கின்றன. பொறுப்பானவன் ஒரு பறவைக்கு முன்னால் நின்று அழுகிறான்.

"இஞ்ச என்ன நடக்குது?" என்றார் அதிகாரி.

"தொப்பியைக் கழட்டுங்கோ," என்றார் முசியே அர்மான். "இவன்ர தாய் வந்திருக்கிறா."

அதிகாரி கழற்றினார். பறவை ஒரு பெரிய துண்டைக் கவ்விக்கொண்டு, வெள்ளைத் துணியில் தன் ஞாபகமாய்க் கொஞ்சம் விட்டுவிட்டு, யன்னலால் போனது.

பின்னேரம் மதாம் லீஸ் என்னைக் கூப்பிட்டார். பச்சைத் தண்ணீரும் படாத வாயோடு போனேன்.

"ஒண்டும் நடக்கக்கூடாது எண்டு சொன்னன்."

"ஓம் மதாம்."

"அது கஷ்டமான வேலையே?"

"இல்லை மதாம்."

"இனி நீ அந்த மண்டபத்துக்குள்ள கால் வைக்கக்கூடாது."

ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்பா விசாவுக்காகக் கொழும்பில் எந்த லொட்ஜில் எத்தனை மாதம் இருக்கவேண்டி வருமோ என்றுதான் யோசித்தேன்.

"எங்க போறாய்? அதிகாரி, முசியே அர்மானிட்ட ஏதும் முறைப்பாடு இருக்கோ எண்டு கேட்டவர். யன்னலைச் சாத்தினதைத் தவிர ஒண்டும் இல்லையாம்." மதாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பார்ட்மென்ட் பக்கத்தில முசியே அர்மானைப் பாக்கிற வேலை இருக்கு. நிரந்தரம். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை. நாளைக்கு வா."

தண்டனையாய்த்தான் தந்தார். நான் மெர்சி என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அறைக்கு வந்ததும் தவம் அண்ணை கேட்ட முதல் கேள்வி, "காகம் தொட்டதோ?"

முழுதையும் சொன்னேன்.

"சோத்தில ஒண்டும் வாய் வைக்கேல்லையோ?"

"மற்றதுகள் வைச்சதுகள்."

"அப்ப, இருந்து சாப்பிடு. மற்றதுகளுக்கை அவவும் நிண்டிருப்பா."

அந்த வேலையை வைத்துத்தான் அப்பாவை எடுப்பித்தேன். விமான நிலையத்தில் இருந்து வீட்டுக்கு வருவதற்குள், என்னைக் கேட்காமலே, தவம் அண்ணை காருக்குள் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். அப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் வாய் திறந்தார்.

"முப்பது வருசம் எனக்கு ஒரு நெத்தலியை வீட்டுக்குள்ள விடாதவள். கனடாவுக்கு வந்து, வெள்ளைக்காரியாகி, சமன் மீனும் திண்டிட்டாளோ?"

அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற ஆளுக்குத் தேத்தண்ணீர் தருமுன் இந்தக் கதை தரப்படும். விசா இல்லாமல் வந்த ஒரே ஆள் அவள்தான் என்றும் அப்பா சேர்த்துக்கொள்வார்.

போன திவசத்துக்கு நான் சமைத்துக் கொடுத்தேன். அப்பா பல்கனி விளிம்பில் எல்லாவற்றையும் ஒழுங்காய் வைத்தார். சோறு, பருப்பு, வடை. பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு, கடதாசியில் சுற்றியிருந்த ஒரு துண்டு சமன் மீனை எடுத்து வடைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் கதவடியில் நிற்பதை அப்போதுதான் கண்டார்.

"என்ன பாக்கிறாய்? அவளுக்கு இப்ப இதுதான் பிடிக்கும்."