பைன் மரத்தடிப் பூண்டு

சாகிற விஷயத்திலாவது என் இஷ்டப்படி நடந்துகொள்வது என்று போன வருஷம் ஆகஸ்டில் தீர்மானித்தேன்.

அவசரம் என்னுடையதல்ல. இதய டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "குளிர்காலம் தாண்டுறது கஷ்டம், அர்க்காதி லுகீச். வேண்டியதச் செஞ்சு வச்சிடுங்க" என்றார். பஸ்ஸுக்கு நிற்கும்போது யோசித்தேன். எனக்கு வேண்டியது என்ன? கல்யாணமான நாற்பத்தோரு வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. என் தொப்பியைத் தேர்ந்தெடுத்தது என் மனைவி ஸினயிதா. சோபா, சுவர்க் காகிதம், சூப்பில் உப்பு, மகளின் பெயர், நான் சிகரெட்டை விட்ட தேதி, எல்லாம் அவள் முடிவு. கல்லறையும் முடிவாகிவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் அம்மாவைப் புதைத்தபோதே, சுற்றி இரும்புக் கிராதியைப் பெரிதாகப் போடச் சொன்னாள். போட்டவன் நான்தான், வெல்டர். "இன்னும் ரெண்டு பேருக்கு இடம் விடு" என்றாள். யாருக்கு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மாமியார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இவன்' என்பாள். இவன் மறுபடியும் சாப்பிடுறான். இவன் மூச்சு விடுற சத்தத்துல தூக்கம் வரல. அவளுக்கு ஒன்றரை அடி தள்ளி உலகம் முடியும்வரை படுக்க வேண்டும். மூச்சு விடாவிட்டாலும் ஏதாவது சொல்வாள்.

கல்லறைத் தோட்டக் காவலாளி சவேலியைப் பிடித்தேன். என் படகு மோட்டார் அவனுக்கு, மேட்டில் பைன் மரத்தடியில் ஒற்றை ஆள் இடம் எனக்கு. தெற்குச் சரிவு. கீழே ஆறு தெரியும். மாமியாரிடமிருந்து நடந்து எண்ணிப் பார்த்தேன், நானூற்றுப் பத்து தப்படி. நானே கிராதி வைத்து, பெஞ்சு போட்டு, நீலப் பெயின்ட் அடித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குத் தெரியாமல் நான் செய்த முதல் காரியம். எட்டு நாள் தெரியாமல் இருந்தது.

"உன் காதுல நீலமா என்ன?" என்றாள் ஸினயிதா.

"பெயின்ட். தோட்டத்துக் கதவுக்கு."

"கதவு பச்சையா இருக்கு."

"இனிமேத்தான் அடிக்கணும்."

"காதுல ஆரம்பிச்சியா? சரி, காட்டு. எங்க அடிச்ச?"

காட்டினேன். அவளிடம் எதைக் காட்டாமல் இருந்திருக்கிறேன்? மேடு ஏறும்போது நான் மூன்று தடவை நின்றேன். அவள் ஒவ்வொரு தடவையும் காத்திருந்தாள். மேலே போனதும் கத்துவாள் என்று நினைத்தேன். கிராதிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். குனிந்து ஒரு பிடி மண் எடுத்தாள். கசக்கினாள். முகர்ந்தாள்.

"மணல் கலந்த மண்ணு," என்றாள். "தண்ணி நிக்காது. இங்க பனி எப்போ உருகும்?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் இன்னும் குடிவரல."

அவள் கீழே நின்ற காவலாளியைப் பார்த்து, "சவேலி, இந்தப் பக்கம் பனி எப்போப்பா போகும்?" என்றாள்.

"ஏப்ரல் பாதியிலேயே போயிடும், ஸினயிதா பவ்லொவ்னா. ஊர்லேயே முதல்ல இங்கதான்."

"நம்ம தோட்டத்துல மே மாசத்துலகூட முழங்கால் பனி," என்று என் பக்கம் திரும்பினாள். அது உண்மை. நான் வேலை பார்த்த ஆலை எங்களுக்குக் கொடுத்த பதினைந்து சென்ட், பழைய சதுப்பு நிலம். ஊரில் உள்ள குளிரெல்லாம் இறங்கி வந்து அங்கேதான் படுக்கும். "மூணு வருஷமா பூண்டு அழுகிப்போச்சு. இங்க போட்டா இப்படி வரும்." கைமுட்டியைக் காட்டினாள்.

"ஸீனா, இது கல்லறை."

"யாரோடது?"

"என்னோடது."

"நீ இப்போ உள்ள இருக்கியா?"

"இல்ல."

"அப்போ சும்மாதானே கிடக்கு."

எங்கள் பக்கத்தில் பூண்டைக் குளிர்காலத்துக்கு முன்னாலேயே ஊன்ற வேண்டும். பனிக்கு அடியில் கிடந்து வசந்தத்தில் முளைக்கும். அக்டோபர் முதல் வாரம் அவள் மண்வெட்டியோடு வந்தாள். என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துப் பூண்டைப் பல் பல்லாகப் பிரிக்கச் சொன்னாள். என் தலை வரும் என்று நான் நினைத்திருந்த இடத்திலிருந்து கால் வரை நாலு வரிசை. சாம்பல் தூவினாள். மேலே பைன் ஊசிகளை மூடினாள். பிறகு கையைத் தட்டிவிட்டு சட்டத்தைச் சொன்னாள்.

"ஜூலை கடைசி வரைக்கும் இதத் தோண்டக் கூடாது."

"டாக்டர் குளிர்காலம்னு சொன்னாரே."

"டாக்டர் தோட்டம் வச்சிருக்கானா?"

"தெரியாது."

"வச்சிருந்தா இப்படித் தேதி சொல்லமாட்டான்."

"நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆனா என்ன? அம்மா பக்கத்துல இடம் இருக்கு."

"அங்கேயே பூண்டு போட்டிருக்கலாமே."

"அங்க நிழல், அர்க்காஷா. உனக்கு நிழல் பரவாயில்ல. பூண்டுக்கு ஆகாது."

அன்று வீடு திரும்பும்போது என் நிலைமை தெளிவாக இருந்தது. ஆகஸ்டு வரை தாக்குப்பிடித்தால் பைன் மரம், ஆறு, தனிமை. ஒரு நாள் முன்னால் போனாலும் மாமியார்.

ஜனவரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. பக்கத்துக் கட்டிலில் ரூஃபின் என்று ஒரு லாரி டிரைவர். வியாழக்கிழமை காலை கஞ்சியைப் பாதி சாப்பிட்டு, மீதியைப் பிறகு சாப்பிடுவதாகச் சொல்லி வைத்தார். மத்தியானம் அவருடைய மெத்தையைச் சுருட்டினார்கள். கஞ்சிக் கிண்ணம் சாயங்காலம்வரை அங்கேயே இருந்தது. அதைப் பார்த்தபடி படுத்திருந்தேன். எனக்கு அலுப்பாக இருந்தது. நர்ஸ் கொடுக்கும் மாத்திரையை இரண்டு நாளாக நாக்குக்கு அடியில் வைத்துப் பிறகு துப்பித் தலையணைக்கு அடியில் ஒளித்துக்கொண்டிருந்தேன்.

ஸினயிதா கோழி சூப்போடு வந்தாள்.

"எப்படி இருக்காம்?" என்று கேட்டேன். வரும் வழியில் டாக்டரைப் பார்த்திருப்பாள்.

"ஒரு முழத்துக்கு மேல பனி. கம்பளி போத்தின மாதிரி. குளிர் உள்ள இறங்காது. நல்லாத் தூங்குது."

"எது?"

"பூண்டு. வேற எது?"

சூப்பை ஊட்டினாள். வாயைத் துடைத்தாள். அவள் கண்ணைப் பார்த்தால் அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அப்படியே அம்மாவையும் பாத்துட்டு வந்தேன்," என்றாள். "பக்கத்து இடத்துல பனியத் தள்ளிவிட்டேன். மண்ணு கல்லா உறைஞ்சு கிடக்கு. ஒரு நாள் முழுக்கக் கட்டை எரிச்சாத்தான் குழி வெட்ட முடியும்னு சவேலி சொல்றான். அடுக்கி வைக்கச் சொல்லியிருக்கேன். எதுக்கும் தயாரா இருக்கட்டும்."

தலையணைக்கு அடியில் இருந்த மாத்திரை ஒன்றை எடுத்து விழுங்கினேன். தண்ணீர் கேட்டு இன்னொன்றையும் விழுங்கினேன்.

பிப்ரவரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் எனக்கு இடமில்லை. எல்லா ஜன்னல் பலகைகளிலும் தயிர் டப்பாக்கள். தக்காளி நாற்று, மிளகாய் நாற்று, கத்தரி நாற்று. சாப்பாட்டு மேஜையை ஜன்னலோரம் இழுத்து அதிலும் வைத்திருந்தாள். நாங்கள் சட்டியை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். நாற்று வெளிச்சத்தின் பக்கம் சாயும். அதனால் ஒவ்வொரு டப்பாவையும் தினம் கால்வட்டம் திருப்ப வேண்டும். அது என் வேலை. தொண்ணூற்றாறு டப்பா. முதல் வாரம் இருபது திருப்பியதும் உட்கார்ந்துவிட்டேன். மார்ச்சில் தொண்ணூற்றாறையும் நின்றபடியே திருப்பினேன். அதை நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருக்கிறாள்.

ஈஸ்டர் முடிந்த ஒன்பதாம் நாள் ஊரே கல்லறைத் தோட்டத்துக்கு வரும். செத்தவர்களோடு உட்கார்ந்து முட்டையும் கோதுமை மாவுத் தோசையும் தின்று, ஆளுக்கு ஒரு மடக்கு வோட்கா குடிப்பார்கள். கீழே எல்லோரும் சேற்றில் நின்றார்கள். மேலே என் இடம் காய்ந்து, நாலு வரிசை பச்சை. ஊரே ஏறி வந்து பார்த்தது. எங்கள் மாடிக்குக் கீழே குடியிருக்கும் கபிதலீனா கிராதியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"யாரு ஸீனா படுத்திருக்கா இங்க?"

"இன்னும் யாரும் இல்ல."

"பூண்டு இவ்வளவு தடியா வந்திருக்கே, அதான் கேட்டேன். என்ன உரம்?"

"சாம்பல்."

கபிதலீனா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போன தடவ இவருக்கு என்னமோ முடிவாயிடுச்சுன்னு சொன்னாங்களே."

"ஜூலை வரைக்கும் இவருக்கு நேரம் இல்ல" என்றாள் ஸினயிதா.

ஜூன் எட்டாம் தேதி மறுபடியும் உறைபனி என்று ரேடியோ சொன்னது. சாயங்காலம் தோட்டத்தில் இருந்த துணி எல்லாவற்றையும் நாற்றுகளின் மேல் போர்த்தினாள். போதவில்லை. வீட்டுக்குப் போய், சாவுக்கென்று நான் எடுத்து வைத்திருந்த கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்து வெள்ளரிக்குப் போர்த்தினாள். காலையில் வெள்ளரி பிழைத்திருந்தது. கோட்டு பிழைக்கவில்லை.

"முதுகுப் பக்கம்தானே பாழாயிருக்கு," என்றாள். "படுத்திருக்கிறவன் முதுக யாரு பாக்கப்போறா?"

ஜூலை கடைசியில் பூண்டு எடுத்தோம். நான்தான் தோண்டினேன். எழுபத்தொரு பூண்டு, ஒவ்வொன்றும் அவள் காட்டிய முட்டி அளவு. மண் காலியானது. தட்டையாக, சுத்தமாக, என்னுடையதாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தேன். இப்போது வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அன்று பசித்தது.

செப்டம்பரில் டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "என்ன செஞ்சீங்க?" என்றார்.

"பூண்டு."

நான் பூண்டு சாப்பிட்டதாக எழுதிக்கொண்டார். "இருந்தாலும் இந்தக் குளிர்காலத்தப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார்.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். வந்த பூண்டு சந்தைக்கும் சூப்புக்கும் போக, பெரியதாகப் பன்னிரண்டைப் பொறுக்கி, பழைய நைலான் காலுறைக்குள் போட்டு, விதைக்கென்று சமையலறை ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். அக்டோபரில் அது என் இடத்துக்குள் இறங்கினால் இன்னொரு ஜூலை. இன்னொரு குளிர்காலம் முழுக்க மாமியாருக்குப் பயந்துகொண்டு கிடக்க என்னால் முடியாது. அவள் சந்தைக்குப் போன சமயம் காலுறையை அப்படியே கொண்டுபோய்ச் சவேலியிடம் கொடுத்தேன்.

"எதுக்கு, லுகீச்?"

"தின்னு. பன்றிக்கொழுப்போட நல்லா இருக்கும்."

ஆணி காலியாக இருந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம் ஆயிற்று. அவள் ஒன்றும் கேட்கவில்லை. விதை இல்லாவிட்டால் நடவு இல்லை. முதல் தடவையாக ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, சூப்பில் நானாகவே உப்புப் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் முதல் ஞாயிறு. "கிளம்பு, மேட்டுக்குப் போறோம்" என்றாள். ஒரு தடவைகூட நிற்காமல் ஏறினேன். கிராதிக்கு உள்ளே பார்த்ததும் நின்றேன்.

என் இடத்தின் நடுவில் குழி வெட்டியிருந்தது. புதுக் குழி. ஈர மண் ஒரு பக்கம் குவிந்திருந்தது. சவேலி மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கிராதியைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு சீக்கிரமா என்று தோன்றியது. வேண்டாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"யாருக்கு?" என்றேன்.

ஸினயிதா சாக்குப்பையைப் பிரித்தாள். உள்ளே இடுப்பு உயரத்துக்கு ஒரு குச்சி. அடியில் வேர்.

"ஆப்பிள்," என்றாள். "மைனஸ் நாப்பது தாங்கும். நம்ம சதுப்புல வச்சா வேர் அழுகிடும். பிடி இத."

பிடித்தேன். "பூண்டு போடலியா?"

"பூண்டு எடுத்த இடத்துல மறுபடியும் பூண்டா? நாலு வருஷத்துக்குப் போடக் கூடாது, நோய் வரும். இத்தன வருஷம் கூட இருந்து இதுகூடத் தெரியல."

"அப்போ விதைக்குன்னு எதுக்கு எடுத்து வச்ச?"

"அம்மா பக்கத்துல போட. அங்க ரெண்டு மரத்த வெட்டிட்டாங்க, இப்போ நல்ல வெயில். ரெண்டு இடத்துலயும் போட்டிருப்பேன்." வேரின் மேல் மண்ணைத் தள்ளினாள். "அதத்தான் நீ சவேலிக்குக் குடுத்துட்டியே. பரவாயில்ல. அம்மா பக்கம் காலியாவே இருக்கட்டும். நேராப் பிடி, உன் பக்கம் சாயுது."

சவேலி எங்கேயோ பார்த்தான். அவன் மேல் பூண்டு வாசனை வந்தது.

"எப்போ காய்க்கும்?" என்றேன்.

"ஆறு வருஷம். இந்தக் குளிருக்கு ஏழுன்னு வச்சுக்கோ."

"ஏழு வருஷமா?"

"மரம் இருக்கும்போது வேரத் தோண்ட முடியுமா? நீயே சொல்லு." காலால் மண்ணை மிதித்தாள். "வேர் பிடிக்கிற வரைக்கும் வாரத்துக்கு நாலு வாளி தண்ணி. என் முழங்காலுக்கு ஆகாது. நீதான் ஊத்தணும்."

வாளியை எடுத்துக்கொண்டு சவேலியிடம் குழாய் எங்கே என்று கேட்டேன்.

கீழே, மாமியாரின் தலைமாட்டில்.