பத்துக்கு எத்தனை?

உலகத்தில் பிறந்த வார்டன்களில் யாரையும் பார்த்து "நிறுத்துலே" என்று சொல்லாதவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் காலேஜ் ஹாஸ்டலுக்கு வாய்த்தார். பீடியோ, சீட்டோ, காதலோ, எதில் மாட்டினாலும் ஒரே கேள்வி: "விடணும்னு பத்துக்கு எத்தனை ஆசை?" அதுவே அவர் பெயராயிற்று. பாளையங்கோட்டையே அவரைக் கிறுக்கு என்றது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஹாஸ்டலுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். என் அறைத்தோழன் இசக்கி அங்கேயே குடியேறினான். கனடாக்காரி ஒருத்தியிடம் கம்ப்யூட்டர் அரட்டையில், தினமும் தாமிரபரணியில் நீந்துவதாக அளந்துகொண்டிருந்தான். பயல் ஹாஸ்டல் குழாயில் குளித்தே நாளாகியிருந்தது. வகுப்புக்குப் போகாததால் பரீட்சைக்கே ஆபத்து. படிப்பை நிறுத்தி மளிகைக்கடையில் உட்காரவைக்க, வள்ளியூரிலிருந்து அவன் அப்பா வந்து இறங்கினார்.

வார்டன் அசரவில்லை. "இசக்கி, அந்த அரட்டையை விடணும்னு பத்துக்கு எத்தனை?"

"ரெண்டு சார்."

அப்பா கை ஓங்கினார். "பொறும் அண்ணாச்சி" என்று தடுத்தார் வார்டன். "ஏம்லே, சைபர்னு சொல்லாம ரெண்டுன்னே?"

இசக்கி தலையைச் சொறிந்தான். "அவகிட்ட பொய் சொல்ல ஒரு மாதிரி இருக்கு சார். ஆத்தைப் பாத்தே நாளாச்சு."

"நாலு சாத்து சாத்துனா பத்தும் வந்துரும் சார்வாள்!" அப்பா கோபத்தில் பொடிமட்டையைப் பிரித்து மூக்குப்பொடியை உறிஞ்சினார்.

"பொடியை விடணும்னு உமக்குப் பத்துக்கு எத்தனை வே?"

அப்பா பொடி ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்தார். "ஒரு... மூணு."

"ஏன், சைபர் இல்லையோ?"

"மக வயித்துப் பேத்தி. தூக்கப் போனா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுதா."

"நாலு சாத்து சாத்துனா அந்த மூணு பத்தாயிருமா அண்ணாச்சி?"

அவர் மட்டையை மடித்தார். "பய இங்கனயே கெடக்கட்டும்" என்று பைய எழுந்து போனார்.

மறுநாள் இசக்கி துண்டும் கையுமாகக் குறுக்குத்துறைக்கு, ஆற்றில் நீந்தக் கிளம்பினான். அரட்டையை அடியோடு விட்டானா? இல்லை. பொய் சொல்லத் தேவைப்படாத அளவுக்குக் குறைத்தான். வகுப்புக்கு வந்தான், பரீட்சையும் எழுதினான்.

பிள்ளைகளின் கைபேசியைப் பிடுங்கு, பூட்டு, உடை என்று இன்று ஆளாளுக்கு உபதேசிக்கிறார்கள். நான் கேட்பதாக இல்லை. நான் அந்தக் கிறுக்கரின் கட்சி.

அவரை எனக்குப் பத்துக்கு எத்தனை பிடிக்கும்? எட்டு. "ஏம்லே, ஏழு இல்லையோ?" என்று கேட்கத்தான் அவர் இல்லை.