முகமூடியை எண்ணிக் கூட்டி வந்த கதை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், பெரியவள், சின்னவன் மூவரும் நலம். மூவரும் அவரவர்தான் என்பதை முகம் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே இதை எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் போய்ச் சேராது; அதனால் கடிதம். முழுதும் படித்துவிட்டு முடிவெடு. மியூசியத்திலிருந்து யாரோ போன் செய்தார்கள் என்பதற்காகத் தலைமை நர்ஸ் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு நீ ஓடி வரத் தேவையில்லை. இந்த வாய்ப்புக்கு நீ எவ்வளவு காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். அத்தான் கப்பலில் இருக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவனும் நான்தான்.

நடந்தது இவ்வளவுதான். மியூசியம் என்றாலே பெரியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். "கண்ணாடிக்குள்ள ஓட்டைப் பானை, அதைப் பாக்க பஸ் ஏறிப் போகணுமா மாமா?" என்பாள். சரி, விளையாட்டாக்கினால் பார்ப்பார்கள் என்று, அங்கே முகமூடிக் கூடத்தில் இருப்பவற்றில் இரண்டை அப்படியே அட்டையில் வெட்டி, வர்ணமடித்து, ஆளுக்கொன்று மாட்டிவிட்டேன். தன் முகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, எதிரே அசையாமல் நிற்கணும். முகமூடியைக் கழற்றினால் அவுட், வாயைத் திறந்தால் அவுட். காவலாளி திட்டக்கூடாதே என்று அந்தக் கடைசி விதியை நான் சேர்த்தேன் பார், அதுதான் எல்லாத்தையும் கெடுத்தது. மற்றபடி விளையாட்டு பிரமாதமாகத்தான் போச்சு. பெரியவ ஒவ்வொரு பெட்டியிலயும் மூக்கு ஒட்டற மாதிரி நின்னு காது, பல்லு எல்லாம் ஒப்பிட்டுப் பாத்தா. அந்த நேரம் பாத்து ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்தது, எல்லார் தலையிலயும் மஞ்சள் தொப்பி. நம்ம சின்னவனுக்குத் தொப்பி மேல ஆசை, அங்க ஒரு பையனுக்கு முகமூடி மேல ஆசை, ரெண்டு பேரும் பேசாமலே மாத்திக்கிட்டாங்க. டீச்சர் தொப்பியை எண்ணிக் கூட்டிட்டுப் போனாங்க, நான் முகமூடியை எண்ணிக் கூட்டிட்டு வந்தேன். லிப்ட் பராமரிக்கிறவன் நான். லிப்டுக்கு எடை தெரியும், ஆள் தெரியாது. அன்னிக்கு நானும் லிப்ட்தான்.

வெளியே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். திங்கறதுக்குச் சின்னவன் முகமூடியைத் தூக்கினான் பாரு, முன்பின் பாக்காத மூஞ்சி! பெரியவ துள்ளிக் குதிக்கறா: "கழட்டிட்டான், அவுட்! நான்தான் ஜெயிச்சேன்!"

"ஏண்டி, இது தம்பி இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"அப்பவே தெரியும் மாமா. சொன்னா நான் அவுட் ஆயிடுவேனே! அதோட இவன் கிள்ளவும் இல்ல."

அந்தப் பையனையும் இவளையும் இழுத்துக்கிட்டு ஓடினேன். வாசல்ல டீச்சர், காவலாளி, நடுவுல தொப்பியோட நம்ம சின்னவன், வாயைத் திறக்காம. பஸ்ல ஏத்தும்போதுதான் டீச்சர் முகத்தைப் பாத்தாங்களாம். இவன் பேரே சொல்லலையாம், அதனால பையில இருந்த உன் நம்பருக்குக் காவலாளி போன் பண்ணிட்டார்.

"எண்ணிக்கை சரியாத்தான் சார் இருந்துச்சு"ன்னாங்க டீச்சர்.

"எனக்கும் சரியாத்தான் மேடம் இருந்துச்சு"ன்னேன்.

"பானை காணாமப் போனா என்னைக் கேளுங்க. பிள்ளை மாறிப்போனா நான் எங்க போவேன்?"ன்னு காவலாளி தலையில கை வச்சுக்கிட்டார்.

ஆக, கோளாறு எதுவென்று தெரிந்துவிட்டது: பேசக்கூடாது என்ற விதி. அதை நீக்கிவிட்டேன். பிள்ளைகள் வேளைக்குச் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், உன்னைத் தேடுவதே இல்லை. நீ நிம்மதியாகப் படி. அத்தானிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

பிள்ளைகளின் முத்தங்களோடு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் சின்னவனிடம், "பேசாம இருந்தது சரிடா, தெரியாதவங்க பின்னாடி ஏன் போனே?" என்று கேட்டேன். "அந்த டீச்சர், 'வாங்க வாங்க, அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க'ன்னு சொன்னாங்க மாமா" என்றான். உன்னைத் தேடுவதே இல்லை என்று மேலே எழுதியதை நீயே அடித்துவிடு. ஆனாலும் நீ வராதே. வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், நாங்கள் வருகிறோம்.