மேல்விலங்கு

விவாகரத்துக் கோருவோர் முதலில் அறிய வேண்டியது, அதற்குக் கணவனும் மனைவியும் மனமொத்துச் செயல்பட வேண்டும் என்பது. மனமொத்துச் செயல்படத் தெரிந்தவர்கள் நீதிமன்றத்துக்கு எதற்கு வருகிறார்கள் என்று சட்டம் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. நான் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துபவன். கேள்வி கேட்பது என் வேலையல்ல, ஒற்றுப் போடுவதுதான்.

என் மனைவி வக்கீலம்மாவிடம் சொன்ன காரணமும் அதுவே.

"சண்டையில 'என் அருகாமையில வராதீங்க'ன்னு கத்தினா, 'அருகாமைன்னா தூரம், அண்மைன்னு சொல்லு'ம்பாரு. அம்மா வீட்டுக்குப் போறேன்னு சீட்டு எழுதி வச்சேன். சிவப்பு மையில திருத்தித் தபால்ல அனுப்பினாரு."

"பதிவுத் தபால்ல" என்றேன் நான்.

காரணம் என்ற கட்டத்தில் வக்கீலம்மா 'இடைவிடாத திருத்தம் எனும் கொடுமை' என்று குறித்தார். மனு தயாரானது. அதில் பதினாறு சந்திப்பிழைகள். கையெழுத்திட மறுத்தேன்.

"ஏன் சார், விவாகரத்து வேணாமா?"

"வேணும். 'விவாகரத்துக் கோரி'ன்னு ஒரு 'க்'கோட வேணும்."

திருத்தி அடித்ததில் புதிதாக நான்கு பிழைகள் முளைத்தன. மனு ஐந்து முறை திரும்பியது. ஒவ்வொரு முறையும் இருவரும் நேரில் வந்தாக வேண்டும் என்பது விதி. ஓராண்டாகப் பிரிந்து வாழ்கிறோம் என்று நிரூபிப்பதற்காக வாரா வாரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். தன் பிளாஸ்கிலிருந்து அவள் எனக்கும் டீ ஊற்றினாள். கடைசியில், உலகில் யாரையும் நம்புவதற்கில்லை என்று மனுவை நானே அடித்தேன். அவள் வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.

தீர்ப்பு நாளில் நீதிமன்றக் குமாஸ்தா உத்தரவை நீட்டினார். மனுவின் வாசகத்தை எழுத்து மாறாமல் எடுத்தாள்வது அவ்வலுவலகத்தின் மரபு.

"மேற்படி இருவரும் ஓராண்டாகப் பரிந்து வாழ்ந்துவருவதாலும், இனியும் பரிந்து வாழவே விரும்புவதாலும்..."

'பிரிந்து' இல்லை, 'பரிந்து'. இரண்டு இடத்திலும். ஒருவர்மேல் ஒருவர் இரக்கம் வைத்து வாழ்கிறோமாம்! 'ப'வின் தலையில் ஒரு கொக்கியைப் போடாமல் விட்டிருந்தேன். அந்தக் கொக்கிக்குப் பழைய பெயர் மேல்விலங்கு. விடுதலைக்கு ஒரு விலங்கு குறைகிறது என்று குமாஸ்தாவுக்கு விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"இங்கேயே ஒரு கொக்கி போட்டுடலாமே சார்?"

"முத்திரை விழுந்தாச்சு. இனி புது மனுதான். ஆறு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"உத்தரவுல உள்ளபடி நடந்துக்கங்க."

மனைவி பக்கம் திரும்பினேன்.

"வரி விடாம படிச்சியே, கண்ணுல படலியா?"

"பட்டுச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"திருத்துறது கொடுமைன்னு எழுதியிருக்கிற மனுவுல நானே உங்களைத் திருத்தினா, மனு நிக்குமா?"

நிற்காது என்று குமாஸ்தா அனுபவத்தோடு தலையாட்டினார். அடுத்த தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எங்கள் இருவருக்கும் நடுவே வைத்தார்: 'இருவரும் தவறாமள் வரவும்.'

பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். திருந்திவிட்டேன் என்று அவளுக்குக் காட்ட வேண்டுமே.

என் சட்டைப் பையிலிருந்து யாரோ சிவப்புப் பேனாவை உருவினார்கள்.

"நகருங்க" என்றாள்.