வார்டன் போட்ட நீலச் செருப்பு

ஒரத்தநாடு தாலுகா பெற்றெடுத்த பிடிவாதக்காரர்களை எல்லாம் ஒரு தட்டிலும் எங்கள் சிப்பாயை மறு தட்டிலும் வைத்தால், தராசு சிப்பாய் பக்கம்தான் சாயும். தஞ்சாவூர் காலேஜ் ஹாஸ்டலில் என் ரூம்மேட். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குச் செஸ் ஆடும் புரோகிராம் எழுதினான். வாயைத் திறந்தால் சிப்பாய்க் காயைப் பற்றியே பேசியதால் அந்தப் பெயர்.

கைடு மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை என் போன்ல இருக்கற செஸ்ஸை இது ஜெயிக்கணும். இல்லன்னா வேற ப்ராஜெக்ட் பண்ணுங்க."

அவன் லேப்டாப் அண்ணன் கழித்துப்போட்டது. அது ஒரு காயை நகர்த்துவதற்குள் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

"வேற லேப்டாப் கேளேன்டா."

"எதுக்கு? சிப்பாய்ங்க வரப்பு மாதிரிடா. ஆளு, மாடெல்லாம் நகரும், வரப்பு கெடந்த எடத்துலயே கெடக்கும். தெனம் அதை அளப்பியா? சிப்பாய்ங்க நிக்கிற நிலைக்கு ஒரு நம்பர் குடுத்துடுவேன். அதே நம்பர் திரும்ப வந்தா, பழைய கணக்கையே எடுத்துக்கும்."

வேகம் பிய்த்துக்கொண்டு போனது. புத்திதான் கெட்டது. திடீர் திடீரென்று ராணியைத் தூக்கித் தானம் கொடுத்தது. சிப்பாய் சோறு தண்ணி மறந்து திரையை முறைத்தான்.

இதே முறையை அவன் வாழ்க்கையிலும் கடைப்பிடித்தது எங்கள் தலையெழுத்து. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே உள்ளே யார் என்று முடிவு செய்வான்; முகத்தைப் பார்ப்பது நேர விரயமாம். தன்னை யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாதென்று ஒரு காலில் கறுப்பும் மறு காலில் பழுப்புமாகப் போட்டிருப்பான். நீல ரப்பர் செருப்பு என்றால் எதிர் ரூம் ஜாகிர்.

வியாழக்கிழமை எங்கள் வாசலில் நீலச் செருப்பு. உள்ளே யாரோ குனிந்து கட்டிலுக்கடியில் துழாவிக்கொண்டிருக்க, சிப்பாய் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தான். "எந்திரிடா தடியா!"

நிமிர்ந்தவர் வார்டன். நாங்கள் ஒளித்துவைத்த இண்டக்‌ஷன் அடுப்பைத் தேடி வந்திருக்கிறார்.

"யாருடா தடியன்?"

பின்னால் வந்த நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன். சிப்பாயோ அவர் கையைப் பிடித்துக் குதித்தான். "சார்! உங்க செருப்பும் ஜாகிர் செருப்பும் ஒண்ணு சார்! என் புரோகிராமும் நம்பரோட வாலை, கடைசி இலக்கங்களை மட்டும் பாத்துட்டு, வேற வேற நிலைய ஒண்ணுன்னு நம்புது சார்! முழு நம்பரையும் பாக்கணும் சார்!"

வார்டன் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார். "இவனுக்கு மொதல்ல சோறு போடுங்கப்பா" என்று சொல்லி, அடுப்பையும் மறந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மேடத்தின் போன் தோற்றது. "இன்னொரு ஆட்டம்" என்றார் மேடம். அதிலும் தோற்றது.

அதற்கப்புறம் அவன் எங்கோ, நான் எங்கோ. போன மாதம் பாபநாசத்தில் வேலை முடிந்து வீடு திரும்பினால், வாசலில் ஒரு கறுப்பும் ஒரு பழுப்புமாகச் செருப்பு. முகத்தைப் பார்த்துச் சரிபார்க்க எனக்குப் பொறுமை இல்லை. தெருவிலிருந்தே "டேய் சிப்பாய்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.